புயலுக்கு நடுவே நட்சத்திரம் தெரியுமா?

வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: “எங்கள் பாட்டி சின்ன வயதில் ஒரு பெரும்புயலைப் பார்த்தவர். ராத்திரி காற்று பேயாக அடித்ததாம். திடீரென்று நின்றுவிட்டதாம். வெளியே வந்து பார்த்தால் வானத்தில் நட்சத்திரமாம். அப்புறம் காற்று வேறு பக்கத்திலிருந்து திரும்பி வந்து மிச்சத்தையும் அள்ளிக்கொண்டு போனதாம். வீட்டில் யாரும் நம்புவதில்லை. ‘கடவுள் நடுவில் மூச்சு வாங்கினார்’ என்று பாட்டி சொல்வதால் கேலி வேறு. இப்படியெல்லாம் நடக்குமா?”

நடக்கும். பாட்டி அன்றைக்கு நின்றிருந்தது புயலின் கண்ணுக்குள், அதாவது புயலின் நடுவே காற்று ஓய்ந்திருக்கும் வட்டத்துக்குள்.

புயல் உருவாகும் கதையை வேகமாகக் கடந்துவிடலாம். கடல்நீர் 26, 27 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கிறது. ஈரக்காற்று மேலே ஏறுகிறது. நீராவி குளிர்ந்து மேகமாகும்போது வெப்பத்தை வெளியே விடுகிறது, அந்த வெப்பத்தால் காற்று இன்னும் ஏறுகிறது. கீழே அழுத்தம் குறைகிறது, சுற்றியிருக்கும் காற்று அந்தப் பள்ளத்தை நிரப்ப ஓடிவருகிறது. இவ்வளவும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் பாடப்புத்தகம் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு: ஓடிவரும் காற்று பள்ளத்தின் நடுவுக்குப் போய்ச் சேருவதே இல்லை.

ஏன்? எனக்குப் புயலில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

மையத்திலிருந்து 300 கிலோமீட்டர் தள்ளி, அசையாமல் நிற்கும் ஒரு பிடி காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குத்தான் அது அசையாமல் நிற்கிறது. உண்மையில் பூமியோடு சேர்ந்து அதுவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுழற்சி ஒரு கையிருப்பு மாதிரி, காற்று எங்கே போனாலும் கூடவே போகும். சுழல் நாற்காலியில் கையை விரித்துச் சுற்றிவிட்டுச் சட்டென்று மடக்கினால் வேகம் கூடுமே, அதே கணக்கு. மையத்தை நெருங்க நெருங்கச் சுற்றும் வேகம் ஏறிக்கொண்டே போக வேண்டும்.

எவ்வளவு ஏறும்? நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 15 பாகை அட்சத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 300 கிலோமீட்டரில் சும்மா நின்ற காற்று, வழியில் எந்த உராய்வும் இல்லாமல் 30 கிலோமீட்டருக்கு வந்தால் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும். கடலும் தரையும் உரசி ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்ளும் என்பது வேறு விஷயம். கூரையைப் பிய்த்து எறிகிற அந்த வேகத்துக்கு விதை பூமி தன்னைத்தானே சுற்றுவது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும்.

சரி, 30 கிலோமீட்டருக்கு வந்த காற்று 15 கிலோமீட்டருக்கும் போகட்டுமே? போக முடியாது. தூரம் பாதியானால் வேகம் இரட்டிக்கும். வளைந்து ஓடும் பொருளை உள்ளே இழுத்துப் பிடிக்கத் தேவையான விசை, வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தால் வகுத்து வருவது. வேகம் இரட்டித்ததால் நான்கு மடங்கு, தூரம் பாதியானதால் இன்னொரு இரண்டு மடங்கு, ஆக எட்டு மடங்கு இழுவிசை வேண்டும். அவ்வளவு இழுக்க அந்த அழுத்தப் பள்ளத்துக்குத் தெம்பு கிடையாது. உள்ளேயும் போக முடியாமல், பின்னாலிருந்து வரும் காற்று தள்ளுவதால் நிற்கவும் முடியாமல், காற்று மேலே கிளம்புகிறது. ஒரு வட்டம் முழுக்க இப்படிக் கிளம்பும் காற்றுதான் கண்சுவர். பதினைந்து கிலோமீட்டர் உயரம்வரை எழும்பும் மேகக் கோட்டை அது. புயலின் மிக மோசமான காற்றும் மழையும் அங்கேதான்.

கோட்டைக்குள்ளே நேர்மாறு. மேலே போன காற்றில் பெரும்பகுதி வெளிப்பக்கம் பரவிவிடும். கொஞ்சம் மட்டும் உள்பக்கமாக மெல்ல இறங்கும். இறங்கும் காற்று அமுக்கப்படும், அமுக்கப்பட்டால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்பின் அடிப்பக்கம் எப்படிச் சுடும் என்று. சூடான காற்றில் மேகம் தங்காது, கரைந்துவிடும். அதனால்தான் பாட்டிக்கு நட்சத்திரம் தெரிந்தது.

கண் பொதுவாக 30 முதல் 65 கிலோமீட்டர் அகலம் இருக்கும். 2005இல் வந்த வில்மா புயலின் கண் ஒரு சமயம் வெறும் நான்கு கிலோமீட்டருக்குச் சுருங்கியது. காற்றழுத்தமும் அங்கேதான் அடிமட்டத்துக்குப் போகும். கடல்மட்டத்தில் வழக்கமாக 1013 மில்லிபார் இருக்க, 1979இல் பசிபிக்கில் டிப் புயலின் கண்ணில் 870 தான் இருந்தது. இன்றுவரை அதுவே சாதனை. கடலிலேயே சிக்கிக்கொண்ட பறவைகள் கண்ணுக்குள் வட்டமடித்தபடி புயலோடு சேர்ந்து கரைவரை வருவதும் உண்டு. ரேடாரில் அந்தக் கூட்டம் தெரிந்திருக்கிறது.

இப்போது “கடவுள் மூச்சு வாங்கினார்” என்பதற்கு வருவோம். சொல் அழகாகத்தான் இருக்கிறது. அதை நம்பிக் கதவைத் திறக்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை. 1926 செப்டம்பரில் அமெரிக்காவின் மயாமி நகரத்தின் மேல் கண் வந்து நின்றபோது, புயல் முடிந்தது என்று ஜனங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். உள்ளே போங்கள் என்று வானிலை அதிகாரி கத்திப் பார்த்தார். அரைமணி நேரத்துக்கெல்லாம் கண்சுவரின் மறுபக்கம் வந்து மோதியது, திறந்த வெளியில் நின்ற பலர் செத்துப்போனார்கள். கடவுளின் கோபம் தணிந்துவிட்டது என்று புயலுக்கு அர்த்தம் சொல்பவர்களுக்கு, இரண்டாவது சுவர் ஒன்று இருப்பதே தோன்றாது.

காற்று ஏன் வேறு பக்கத்திலிருந்து வந்தது? வட அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாக, கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். அது கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்து, மையம் சரியாக உங்கள் தலைக்கு மேலே போனால், முதலில் மேற்குச் சுவர் வந்து இடிக்கும். அங்கே காற்று வடக்கிலிருந்து வீசும். கண் கடந்த பிறகு வருவது கிழக்குச் சுவர், அங்கே தெற்குக் காற்று. ஒரே புயல், ஒரே சுற்று.

புயல் சுழல்கிறது என்பதைச் சான்றோடு நிலைநாட்டியவர் படித்த விஞ்ஞானியே இல்லை. வில்லியம் ரெட்ஃபீல்டு என்ற அமெரிக்கர், குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளி. 1821 செப்டம்பரில் ஒரு பெரும்புயல் அடித்து ஓய்ந்த பிறகு கனெக்டிகட்டிலிருந்து மாசசூசெட்ஸ் வரை பயணம் போனார். தன் ஊர்ப்பக்கம் மரங்கள் வடமேற்கே தலைவைத்து விழுந்திருந்தன. மாசசூசெட்ஸ் பக்கம் போனால் தென்கிழக்கே தலைவைத்துக் கிடந்தன. ஒரே புயல் எப்படி இரண்டு எதிர்த்திசையில் மரத்தைச் சாய்க்கும்? சுழன்றால்தான் முடியும். இதை அவர் அச்சில் வெளியிட்டது 1831இல். பிறகு கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் என்பவர் புயலில் அகப்பட்ட கப்பல்களின் குறிப்பேடுகளைத் தேடித்தேடிச் சேர்த்தார். சுருண்ட பாம்பை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்ற பெயரை உண்டாக்கியவரும் அவரே. இந்த அறிவியலே தப்பிப் பிழைத்தவர்களின் வாய்மொழியிலும் விழுந்து கிடந்த மரங்களிலும் இருந்து வந்ததுதான்.

அதற்காக நினைவில் வருவதையெல்லாம் அப்படியே நம்பவும் முடியாது. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் உளவியலாளர்கள் எழுதி வாங்கினார்கள். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே கேட்டால், கால்வாசிப் பேர் சொன்னது முழுக்கத் தப்பு. தப்பாகச் சொன்னவர்களும் அடித்துச் சொன்னார்கள். நேரமும் அப்படித்தான். 31 மீட்டர் உயரத்திலிருந்து வலையில் விழவைத்து நடத்திய ஒரு சோதனையில், விழுந்தவர்கள் தாங்கள் விழுந்த நேரத்தை உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டிச் சொன்னார்கள். ஆகவே பாட்டி “ஒரு மணி நேரம் நின்றது” என்றால் அந்த மணிக்கணக்கை ஓரமாக வைத்துவிடுங்கள். எந்தக் கதவு முதலில் போனது, மரம் எந்தப் பக்கம் விழுந்தது என்பதை மட்டும் கேளுங்கள். கதவும் மரமும் அந்த இடத்திலேயே இருந்த சாட்சிகள், பிறகு போய்ச் சரிபார்க்கலாம்.

கருவி சொன்னால் மட்டும் உடனே நம்பிவிடுகிறோமா என்ன? 1996 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பேரோ தீவில் ஆளில்லாத வானிலை நிலையம் ஒன்று மணிக்கு 408 கிலோமீட்டர் காற்றைப் பதிவு செய்தது. உலக வானிலை அமைப்பு அதைச் சாதனையாக ஏற்றுக்கொண்டது 2010இல்தான். செயற்கைக்கோளுக்கும் ரேடாருக்கும் பணம் ஒதுக்குவது சரியே, இன்னும் ஒதுக்கலாம். ஆனால் அதில் துளியூண்டு எடுத்து, பழைய புயல்களைப் பார்த்தவர்கள் இருக்கும்போதே அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை? ஒரு செல்போனும் ஒரு திசைகாட்டியும் போதும்.

வாசகருக்கு நான் திருப்பி எழுதியது மூன்றே கேள்வி: காற்று நிற்பதற்கு முன் எந்த ஜன்னல் உடைந்தது, நின்றபின் எது உடைந்தது, கடல் ஏறியதா, உள்வாங்கியதா?

பாட்டியை அந்தப் பழைய வீட்டுக்கே கூட்டிப்போய் நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார். முதலில் வடகிழக்கு மூலை ஜன்னல், பிறகு தென்கிழக்கு மூலை. கிழக்கே இருக்கும் கடல் வாசற்படி வரை வந்ததாம். காற்று அப்படி வடகிழக்கிலிருந்து கிழக்கு வழியாகத் தென்கிழக்குக்குத் திசை மாறியிருந்தால் புயலின் மையம் வீட்டுக்கு நேர் மேலே போகவில்லை, கொஞ்சம் தெற்கே நகர்ந்து போயிருக்கிறது. அந்த வடபுறத்தில்தான் காற்று கடலைக் கரைக்குத் தள்ளும், அதனால் தண்ணீர் வாசற்படி வரை வந்ததும் பொருந்துகிறது. கண்ணின் நடுவில் இல்லாமல் வடக்கு ஓரமாக மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். மையம் போன பாதைக்கும் தெற்கே இருந்தவர்கள் யாராவது இன்னும் இருக்கிறார்களா என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அங்கே காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசியிருக்கும், அதனால் அவர்களுக்குக் கடல் உள்வாங்கியிருக்க வேண்டும்.