கட்டைவிரல் துரு

போட்டித் துப்பாக்கி ஒன்றின் போல்ட்டில், அதாவது தோட்டா அறையை அடைக்கும் இரும்புத் தண்டில், ஒரு நாள் கட்டைவிரல் ரேகையைப் பார்த்தேன். பத்திரத்தில் மை தொட்டு வைத்ததுபோல அத்தனை தெளிவு. நிறம்தான் செம்பழுப்பு. துப்பாக்கிக்காரர் முந்தைய சனிக்கிழமை சுட்டு முடித்தவர், பார்க்கச் சுத்தமாகத்தானே இருக்கிறது என்று அப்படியே பெட்டியில் வைத்து ஒப்படைத்துவிட்டார். "அண்ணே, ஒரு சொட்டு மழைகூடப் படலையே, எப்படித் துரு வந்துச்சு?" என்று கேட்டார். நான் அவர் கையைக் காட்டினேன்.

நம் சிங்கப்பூரில் துப்பாக்கியை வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. அனுமதியின்றி வைத்திருந்தால் 1973-ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டப்படி 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. ஆகவே இந்தக் குறிப்பு துப்பாக்கி சுடும் விளையாட்டில் இருப்பவர்களுக்கும், தேசிய சேவைப் பையன்களுக்கும், என்னைப்போல் ஆயுதக் கிடங்கில் எண்ணெய்க் கையோடு திரிபவர்களுக்கும்.

வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாக வைத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டுவது சாதாரணம். சிலருக்குக் கைவியர்வையின் கடுமை கூடுதல். கடைசல் பட்டறையில் வேலை செய்தவர்களைக் கேட்டால், எவன் தொட்ட இரும்பு மறுநாளே சிவக்கும் என்று ஆளைக் காட்டியே சொல்வார்கள். துப்பாக்கியின் கருநீலப் பூச்சு காப்பாற்றிவிடும் என்று நம்பவேண்டாம். புளூயிங் என்கிற அந்தப் பூச்சும் இரும்பு ஆக்சைடுதான், மிக மெல்லியது. அது எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் இல்லாவிட்டால் வெறும் அழகுதான்.

வியர்வைக்கு அடுத்த எதிரி ஏர்கான். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. நம் காற்றின் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டியே இருக்கும். 21 டிகிரி அறையில் இரவெல்லாம் குளிர்ந்த துப்பாக்கியை வெளியே கொண்டுவந்து பெட்டியைத் திறந்தால், குளிர்ந்த தேத்தண்ணிக் குவளைக்கு வேர்ப்பதுபோல இரும்புக்கும் வேர்க்கும். வெளிப்புறத்தைத் துடைத்துவிடலாம். குழலுக்குள்ளும் ட்ரிகர் பகுதிக்குள்ளும் வேர்த்ததை யார் துடைப்பது? பெட்டியை மூடியபடியே அரைமணி நேரம், கனமான துப்பாக்கியானால் ஒரு மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டுத் திறங்கள். அவசரப்பட்டுத் திறந்துவிட்டீர்களா, அன்று சுட்டாலும் சுடாவிட்டாலும் முழுச் சுத்தம் செய்துதான் ஆகவேண்டும்.

சுத்தம் என்று வந்தால், முதலில் மேகசினைக் கழற்றி, தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். சற்றுமுன் பார்த்தேனே என்பவரையும் நான் மறுபடி பார்க்க வைப்பேன். குழலைத் துடைக்கும் ராடு எப்போதும் தோட்டா அறைப் பக்கமிருந்து வாய்ப்பக்கம் போகட்டும். வாய் விளிம்பு தேய்ந்தால் குறி போய்விடும். கரிப்படிவைக் கரைக்கும் சால்வென்ட் தொட்ட துணி, சற்று காத்திருப்பு, பிறகு வெண்கலப் பிரஷ். பிரஷ்ஷைக் குழலின் நடுவில் நிறுத்தித் திருப்பி இழுக்காதீர்கள்; மறுமுனையில் முழுதாக வெளியே வந்த பிறகே திரும்பட்டும். உலர்ந்த துணி வெள்ளையாக வரும்வரை விட்டு, கடைசியில் எண்ணெய் ஒற்றிய துணி ஒன்று. அடுத்தமுறை சுடுவதற்கு முன் மறக்காமல் அந்த எண்ணெயை உலர்துணியால் எடுத்துவிடவேண்டும்.

சுத்தம் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாம் போர்தான் பெரிய பாடம். 1960-களின் நடுவில் அமெரிக்க வீரர்களுக்கு எம்16 துப்பாக்கி கொடுத்தபோது பலருக்குச் சுத்தம் செய்யும் பொருள்கள் கொடுக்கவில்லை. தோட்டா அறைக்குக் குரோம் பூச்சும் இல்லை. வெப்பமண்டல ஈரத்தில் அறை அரித்து, வெற்றுக் கூடுகள் சிக்கி நின்றன. வெடிமருந்தை மாற்றியதும் ஒரு காரணம். பிறகுதான் குரோம் வந்தது. நம் ராணுவத்துக்கு எஸ்ஏஆர் 21 துப்பாக்கி வருவதற்கு முன் நம் பையன்கள் தூக்கியது எம்16-இன் உள்ளூர்த் தயாரிப்பை.

எண்ணெயில் நம்மவர்கள் இரண்டு தவறு செய்கிறார்கள். ஒன்று, டபிள்யூடி-40. 1953-இல் நீரை விரட்டுவதற்காக உருவாக்கியது. நனைந்த துப்பாக்கிக்கு முதலுதவியாக நல்லது, மாதக்கணக்கில் காக்கும் படலமாக நிற்காது. இன்னொன்று, தேங்காய் எண்ணெய். சிரிக்காதீர்கள், அரிவாள்மனைக்கு ஆத்தா தடவுவாரே என்று ஒரு பையன் உண்மையிலேயே தடவிக்கொண்டு வந்தான். நம் ஏர்கான் அறையில் அது உறைந்துபோகும், நாள்பட்டால் சிக்கு வாடை அடித்து அமிலமாகும். போல்ட் பாகுபோல நகர்ந்தது. துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெயே போதும், அதுவும் விரலில் மினுமினுப்பு தெரிகிற அளவு. வழியவிட்டால் தூசி ஒட்டும், மரக்கட்டைக்குள் இறங்கி அதை மென்மையாக்கும்.

ஃபோம் வைத்த பெட்டி பயணத்துக்கு மட்டும். ஃபோம் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு அணைத்து வைத்திருக்கும். தோல் உறையும் அப்படித்தான். குழலின் வாயில் கார்க் அடைப்பது வேண்டாம், உள்ளே காற்று தேங்கும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர் அலமாரியின் தத்துவமே இங்கும்: ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு, உள்ளே ஒரு ஈரமானி. சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் மறப்பவர்கள் உண்டு. நிறைந்துபோன ஜெல் வெறும் மணல். நிறம் மாறியதும் அதன் உறையில் சொன்ன சூட்டில் உலர்த்துங்கள். பூட்டுவதற்கு முன் கடைசி வேலை, எண்ணெய்த் துணியால் நீங்கள் தொட்ட இடங்களைத் துடைப்பது. நான் பருத்திக் கையுறை போட்டுத்தான் அடுக்குவேன்.

அந்தப் போல்ட்டுக்கு வருகிறேன். மிக மெல்லிய 0000 எஃகுப் பஞ்சில் எண்ணெய் தொட்டு, அழுத்தாமல் ஒரு மணி நேரம் தேய்த்தேன். சிவப்பு முழுதும் போயிற்று. துரு தின்ற பள்ளம் போகவில்லை. விளக்கில் சாய்த்துப் பிடித்தால் ரேகையின் மூன்று வளைவு இன்னும் தெரியும்.