வெட்டுப்புள்ளி பார்த்து விருப்ப வரிசை எழுதலாமா?

பல்கலைக்கழக விண்ணப்பம் கோரியதும் ஹட்டன், தலவாக்கலை பக்கத்துப் பிள்ளைகள் விருப்பப் பட்டியலோடு என்னிடம் வருவார்கள். பாதிப் பட்டியல்கள் ஒரே மாதிரித்தான் இருக்கும். போன வருட வெட்டுப்புள்ளியை, அதாவது ஒவ்வொரு பாடநெறிக்கும் கடைசியாக இடம் கிடைத்தவரின் புள்ளியை, மேலிருந்து கீழாகப் பார்த்து எழுதியவை அவை. உயிரியல் பிரிவு என்றால் மருத்துவம், பல் மருத்துவம் என்று தொடங்கும். விவசாயம் எங்கோ அடியில் கிடக்கும்.

ஒரு பாடநெறிக்கு எத்தனை இடம், எவ்வளவு போட்டி என்பதைத்தான் வெட்டுப்புள்ளி காட்டுகிறது. உங்களுக்கு அது ஒத்துவருமா என்பது வேறு விஷயம். உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றிலிருந்து கணிக்கப்படும் உங்கள் இசட் புள்ளிக்கு எட்டுகிற பாடநெறிகளில், உங்கள் வரிசையில் எது மேலே இருக்கிறதோ அதைத்தான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தரும். ஆசைப்பட்டதை ஏழாவதாக எழுதி ஐந்தாவது கிடைத்துவிட்டால், ஏழாவது போனதுதான். மேலே எழுதியது எட்டாமல் போனாலோ, கீழே இருப்பதற்கு ஒரு நட்டமும் இல்லை. சரி, பிறகு ஏன் பயம்?

பயம் பல நேரம் வீட்டிலிருந்து வருகிறது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தம்பி ஒருவர், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் தேயிலைத் தொழில்நுட்பப் பட்டத்தை முதலில் போட விரும்பினார். கூட வந்த அப்பா கொதித்துவிட்டார். "நாங்கதான் கவ்வாத்துக் கத்தியோட கெடந்தோம், படிச்சிட்டு இவனும் அங்கேயே போகவா சேர்?" தலைமுறை தலைமுறையாகத் தேயிலை மலையில் செடி வெட்டிப் பட்ட பாடு பேசுகிறது, அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. பாட விபரத்தைப் போனில் எடுத்து வாசிக்கச் சொன்னேன். தேயிலையின் இரசாயனம், பதப்படுத்தல், தரக் கட்டுப்பாடு என்று மகன் வாசிக்க, "அப்ப டீமேக்கர் ஐயா பார்க்கிற வேலையா?" என்றார் அப்பா. தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கிற அந்த வேலையும் உண்டு, ஆராய்ச்சியும் உண்டு, தலவாக்கலையிலேயே தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே என்றேன். உடனே சம்மதிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் சம்பளம் பற்றிய கேள்விகள். அவை நியாயமான கேள்விகள்.

பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து ஆசைப்படாதீர்கள். கணினி பிடிக்கும் என்கிற பலருக்கு உண்மையில் பிடித்தது போன்தான். கணினி விஞ்ஞானத்திலோ முதல் வருடமே கணிதம் வந்து நிற்கும். பீடத்தின் இணையத்தளத்தில் முதலாம் வருடப் பாடங்களைப் பாருங்கள். அங்கே படிக்கிற அக்கா, அண்ணாமாரிடம் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். விஞ்ஞானப் பாடநெறிகள் அநேகமாக ஆங்கிலத்தில்தான், அதற்கும் தயாராகுங்கள்.

அப்புறம், கொழும்பு மாவட்டத்து வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் தளராதீர்கள். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். பெரும்பாலான பாடநெறிகளில் உள்ள இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத் திறமைக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16இல் உள்ளவை. மொரட்டுவையின் கட்டடக்கலை போன்ற சிலவற்றுக்கு அந்தத் துறைக்கான திறனைப் பார்க்கிற உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதற்கான அறிவித்தலைத் தவறவிட்டால் நல்ல இசட் புள்ளி இருந்தும் பயனில்லை.