கூரையை மூடச் சொல்லுங்கள்

துபாய் அல் கூஸ் பகுதியில், பழைய சூப்பர் கார் வாங்கப் போகிறவர்களுக்காக வண்டியைப் பரிசோதித்துச் சொல்வது என் வேலை. கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அடிபட்ட வண்டியா என்று கேட்காத வாடிக்கையாளரே இல்லை. "இதில் ஒரு மணி நேரம் உட்கார முடியுமா?" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் வாங்கின வேகத்தில் விற்க வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எஞ்சினைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. முதுகு, முழங்கால், சூடு, இரைச்சல் என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

போன குளிர்காலத்தில் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். கூரையைத் திறந்து ஓட்டும் ரகம், கதவு கத்தரிக்கோல் மாதிரி மேலே எழும்பும் வண்டி. அந்த அம்மா புடவையில் நின்றபடி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னங்க, இதுல ஏறணுமா, இறங்கணுமா?"

நியாயமான கேள்வி. இருக்கை தரையை ஒட்டி இருக்கும். அதற்கும் உங்களுக்கும் நடுவே, கதவுக்குக் கீழே, அகலமான ஒரு திண்ணை. முதலில் உட்கார்ந்து, அப்புறம் கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுக்க வேண்டும். வெளியே வருவது இதைவிடக் கஷ்டம். கையூன்ற இடம் தேட வேண்டியிருக்கும். கூரை திறந்திருந்தால் இதெல்லாம் அவ்வளவாகத் தெரியாது, நிமிர்ந்து எழுந்துவிடலாம். மூடியிருந்தால் தலையையும் குனிந்து வளைத்து நுழைக்க வேண்டும்.

ஷோரூமில் ஏன் எப்போதும் கூரையைத் திறந்தே வைத்திருக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? அழகுக்காக மட்டும் இல்லை. உள்ளே இருக்கும் நெருக்கடி கண்ணில் படாது. இந்த ஊரில் மே முதல் செப்டம்பர் வரை பகலில் கூரையைத் திறந்தால் நாம்தான் அப்பளம். வருஷத்தில் பாதி நாள் இது மூடிய கார்தான். ஆகவே நான் முதலில் சொல்வது, கூரையை மூடச் சொல்லுங்கள். மூடி, இருபது நிமிடமாவது உள்ளே இருந்து ஓட்டிப் பாருங்கள். பின்னால் என்ன தெரிகிறது? பெரும்பாலான வண்டிகளில் கேமரா இல்லாமல் ஒன்றுமே தெரியாது. இருக்கைக்குப் பின்னால் ஒரு சுவர், சுவருக்கு அப்பால் எஞ்சின். அதனால் சாய்ந்துகொள்ளவும் அதிக இடம் கிடையாது. கார்பன் ஃபைபரில் ஒரே ஓடாக வார்த்த பக்கெட் சீட் போட்ட வண்டி என்றால் சாய்மானத்தை மாற்றவே முடியாது, முன்னும் பின்னும் நகர்த்தலாம், அவ்வளவுதான். முதுகுவலிக்காரர்கள் அந்த சீட்டைத் தொடாதீர்கள்.

ரோட்ஸ்டர், ஸ்பைடர் என்றாலே கூரை திறக்கும் வண்டிதான். ஆனால் கூரை என்பதும் எல்லா வண்டியிலும் ஒரே பொருள் இல்லை. 2000-இல் வந்த ஃபெராரி 550 பார்கெட்டா 448 வண்டிகள்தான் செய்யப்பட்டன. அதோடு கொடுத்த துணிக் கூரையைப் போட்டுக்கொண்டு மணிக்கு 113 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2004-இல் வந்த லம்போர்கினி முர்சியேலாகோ ரோட்ஸ்டரில் கூரையைக் கையால்தான் மாட்ட வேண்டும், மாட்டிய பிறகு 160-தான் எல்லை. 300-ஐத் தாண்டும் வண்டிக்கு! லம்போர்கினி அவென்டடோர் ரோட்ஸ்டரில் இரண்டு கார்பன் பலகைகள், ஒன்று 6 கிலோ கூட இராது. கழற்றி முன் டிக்கியில் வைக்க வேண்டும். வைத்த பின் டிக்கியில் வேறு எதற்கும் இடமில்லை.

பட்டனை அழுத்தினால் போதும் என்ற வசதி வந்த பிறகு நிலைமை மாறியது. லம்போர்கினி ஹுராகான் ஸ்பைடரின் துணிக் கூரை 17 விநாடியில் திறக்கும், 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டே திறக்கலாம். 2011-இல் வந்த ஃபெராரி 458 ஸ்பைடரின் அலுமினியக் கூரைக்கு 14 விநாடி. மெக்லாரன் 720எஸ் ஸ்பைடருக்கு 11. இந்த வசதிக்கு எடையும் ஒரு விலை. கூரையை வெட்டினால் உடல் தளரும், அதைக் கெட்டிப்படுத்த வேண்டும். மோட்டாரையும் மடிப்புக் கம்பிகளையும் சேர்க்க வேண்டும். ஹுராகான் ஸ்பைடர் கூரை திறக்காத தன் கூப்பேயைவிட 120 கிலோ அதிகம். தொட்டி மாதிரியான கார்பன் ஃபைபர் அடிக்கூட்டின்மேல் கட்டிய 720எஸ்ஸில் இந்த வித்தியாசம் 49 கிலோதான்.

பழைய வண்டியில் நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். மூன்று முறை திறந்து மூடி விநாடியை எண்ணுவேன். 17 ஆக வேண்டியது 25 ஆனால் பேட்டரியோ ஹைட்ராலிக் பம்போ சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். கூரை மடங்கிப் போகும் இடத்தின் மூடிக்குள் விளக்கடித்து எண்ணெய்க் கசிவு பார்ப்பேன். ரப்பர் விளிம்புகள் இந்த வெயிலில் காய்ந்து வெடிக்கும். சிலிக்கான் கிரீஸ் தடவாமல் விட்டவர் வண்டி தொட்டவுடனே தெரிந்துவிடும். மணல்தான் பெரிய வில்லன். கூரையோரத்து மழைநீர் போகும் துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். மழையே இல்லாத ஊரில் அது எப்போது தெரியும்? 2024 ஏப்ரல் 16-இல் பெருமழை கொட்டியபோது தெரிந்தது. தெருவெள்ளத்தையே பார்க்காமல் வாசலில் நின்ற வண்டிகளில்கூட கார்பெட்டுக்கடியில் தண்ணீர். அதனால் வண்டிக்குள் விரித்த மிதியடியைத் தூக்கி மோந்து பார்க்க வெட்கப்படாதீர்கள். ஊறல் வாசம் வந்தால், வண்டியின் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

சூடு உள்ளேயும் வேலை காட்டும். டேஷ்போர்டு தோல் சுருங்கி ஓரத்தில் எழும்பும். 2000-களின் இத்தாலியக் கார்கள் பலவற்றில் பட்டன்களின் மென்பூச்சு இளகிப் பிசுபிசுக்கும். வெல்லத்தைத் தொட்ட கை மாதிரி ஆகிவிடும்.

கூரை திறந்தபின் காற்று முன்னாலிருந்து அடிக்கும் என்றுதான் நினைப்பீர்கள். இல்லை. முன்கண்ணாடியைத் தாண்டிப் போன காற்று பின்னால் சுழன்று திரும்பி வந்து பிடரியில் அடிக்கும். காற்றுத் தடுப்பு இருக்கைக்குப் பின்புறமாக இருப்பது அதனால்தான். பழைய வண்டியில் அது தொலைந்துபோயிருக்கும். கேட்டு வாங்குங்கள்.

பரிசோதனைக் கருவிகளோடு விமானத்துக்குள் கொண்டுபோகிற அளவில் ஒரு பழைய டிராலிப் பெட்டியும் எடுத்துப் போவேன், டிக்கியில் அடங்குகிறதா என்று பார்க்க. விற்பவர்கள் சிரிப்பார்கள். அன்றைக்கும் புடவையில் வந்த அந்த அம்மாவிடம்தான் டிராலியைக் கொடுத்தேன். படுக்கவைத்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார், முன் டிக்கி மூடவில்லை. கணவர் முகம் போன போக்கைப் பார்த்து, "சரி விடுங்க, ராஸ் அல் கைமா மலைக்குப் போனா பெட்டி எதுக்கு?" என்றார். அப்புறம் கூரையை மூடச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, மெல்ல இறங்கி உட்கார்ந்தார்.