செவியோர்த்தல்: மூளையிலிருந்து காதுக்கு இறங்கும் வழி

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை பேருந்து நிலையத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு நின்றால் இரண்டு கூவல் கேட்கும். ஒரு பக்கம் கேரள வண்டி நடத்துநர் "பாறசால, நெய்யாற்றின்கர, பாலராமபுரம், தம்பானூர்" என்பார். எதிரே நம் வண்டியில் "குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில்". நடுவே ஆட்டோ, மீன் வண்டி, லாட்டரிக் கடை ஒலிபெருக்கி. மார்த்தாண்டம் போக நிற்கும் நாளில் அந்த ஒரு பெயர் மட்டும் துலங்கி வந்து விழும். அத்தை வீட்டுக்கு நெய்யாற்றின்கரை போகிற நாளில், அதே இரைச்சலில், மலையாளக் கூவல் முன்னுக்கு வந்துவிடும்.

இப்படிப் பொறுக்கிக் கேட்பதில் பெரும்பங்கு மூளையின் மேற்பகுதியிலேயே நடக்கிறது. ஆனால் அங்கிருந்து கீழே, காது வரைக்கும், நரம்பு நார்கள் இறங்கி வருகின்றன என்பது பலருக்குத் தெரியாது. காது அனுப்பும், மூளை வாங்கிக்கொள்ளும் என்றுதான் பள்ளியில் படித்தோம். மேலிருந்து இறங்கும் நார்களுக்கு மருத்துவ நூல்களில் 'கார்டிகோஃப்யூகல்' என்று பெயர்.

இது இரண்டு லத்தீன் துண்டுகள் சேர்ந்த சொல். 'கார்ட்டெக்ஸ்' என்றால் மரப்பட்டை. எங்கள் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரப்பர் பால்வெட்டுகிறவர் கத்தியைப் பட்டையோடு நிறுத்திக்கொள்வார், உள்ளே மரத்தில் படவிடமாட்டார். பாலெல்லாம் அந்த மெல்லிய பட்டையில்தான் இருக்கிறது. வெட்டுவாய் வழியாகச் சரிந்து சிரட்டையில் சொட்டுகிறது. மூளையின் பட்டையும் அப்படித்தான்: 2 முதல் 4 மில்லிமீட்டர் கனம், அதற்குள் அத்தனை நரம்பணுக்கள். தமிழில் இதற்குப் 'புறணி' என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. தோல், பட்டை, வெளிப்புறம் என்று பொருள். 'புறணி பேசுதல்' என்ற வழக்கால் சிலர் இதைக் கூச்சத்தோடு ஒதுக்குகிறார்கள். அது தேவையில்லை.

'ஃப்யூகல்' வருவது 'ஃபுகெரே' என்ற வினையிலிருந்து. தப்பி ஓடுதல் என்று பொருள். நாம் 'மையவிலக்கு விசை' என்று படித்தோமே, அதன் லத்தீன் பெயரின் வாலும் இதுதான். சரி, அதே அச்சில் வார்த்தால் 'புறணிவிலக்கு' என்று வரும். இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. 'விலக்கு' என்றால் ஒன்றை அப்பால் தள்ளுவது. புறணி எதையும் தள்ளவில்லை. அதன் அணுக்களே நாரை நீட்டிக் கீழே அனுப்புகின்றன. அதனால் 'புறணியிறங்கு நார்கள்' என்பதே பொருந்தும். காதுக்கானதைப் 'புறணியிறங்கு செவிப்பாதை' என்று தனித்துச் சொல்லலாம், ஏனென்றால் கைகாலை அசைக்கத் தண்டுவடத்துக்கு இறங்கும் நார்களுக்கும் இதே பொதுப்பெயர்தான்.

இறங்குகிற வழியைச் சொல்ல, ஏறுகிற வழியை முதலில் சொல்ல வேண்டும். உள்காதில் நத்தைக்கூடு போலிருக்கும் காக்ளியாவில் தொடங்கும் செய்தி செவி நரம்பு வழியாக மூளைத்தண்டுக்கு வருகிறது. அங்கே இரண்டு காதுகளின் செய்தியும் ஆலிவ் காய் வடிவத் திரளில் சந்திக்கின்றன. அப்புறம் நடுமூளையின் கீழ்க்குன்று என்னும் நரம்பணுத் திரள், அப்புறம் செய்தியைப் புறணிக்குக் கைமாற்றும் தலாமஸ், கடைசியில் நெற்றிப்பொட்டை ஒட்டிய பகுதியில் இருக்கும் செவிப்புறணி. இறங்கும் நார்கள் இதே ஊர்களுக்குத் திரும்பி வருகின்றன. செவிப்புறணிக்கு ஆறு அடுக்குகள் உண்டு. ஐந்திலிருந்தும் ஆறிலிருந்தும் தலாமஸுக்கு நார்கள் போகின்றன, பெரும்பாலும் ஐந்திலிருந்து கீழ்க்குன்றுக்குப் போகின்றன. தலாமஸிலிருந்து ஏறி வருகிற நார்களைவிடப் புறணியிலிருந்து அங்கே இறங்குகிறவை அதிகம்.

கடைசிக் கட்டம்தான் எனக்கு மிகவும் வியப்பு. ஆலிவ் திரளிலிருந்து காக்ளியாவுக்கே ஒரு நரம்புக் கற்றை போகிறது. 1946இல் கிராண்ட் ராஸ்முசன் இதை விவரித்தார். 1956இல் ராபர்ட் கலம்போஸ் பூனைகளில் இந்தக் கற்றையை மின்சாரத்தால் தூண்டியபோது செவி நரம்பின் துடிப்பு அடங்கியது. காரணம் இது: காக்ளியாவில் மயிர்போன்ற இழைகள் கொண்ட உணர்வணுக்கள் உண்டு; ஒரு மனிதக் காதில் ஏறத்தாழ 3,500 உள்மயிரணுக்கள், 12,000 வெளிமயிரணுக்கள். உள்வரிசை கேட்கிறது; வெளிவரிசை நீண்டு சுருங்கி ஒலியைப் பெருக்கிக் கொடுக்கிறது. இறங்கி வரும் கற்றையின் ஒரு பிரிவு இந்த வெளிவரிசையைத் தொட்டுப் பெருக்கத்தைக் குறைக்கிறது. விடாத இரைச்சலைத் தாழ்த்தி, இடையே வரும் புதிய ஒலியைத் துலக்க இது உதவும் என்று கருதுகிறார்கள்.

புறணியின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதை வௌவால்களில் நொபுவோ சுகா என்ற ஆய்வாளர் காட்டினார். செவிப்புறணியில் ஓரிடத்தைத் தூண்டினால், கீழ்க்குன்று அணுக்கள் எந்தச் சுருதிக்கு இசைந்திருக்கின்றனவோ அதுவே நகர்ந்தது. 2010இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு ஃபெரட் என்னும் கீரிபோன்ற விலங்கில் நடந்தது. ஒரு காதை அடைத்தால் அது ஒலி வரும் திசையைத் தவறவிடும். சில நாள் பயிற்சியில் மறுபடி கற்றுக்கொள்ளும். புறணியிலிருந்து கீழ்க்குன்றுக்கு இறங்கும் அணுக்களை அழித்துவிட்டால், அந்த மறுகற்றல் நடக்கவில்லை.

எங்கள் அம்மச்சி மழைநேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து, "மக்களே, செவியோர்த்துக் கேளு, கோவில்ல செண்டை கேக்குதா?" என்பார். ஓட்டின் மேல் மழை இரைய, அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். சற்று நேரம் கழித்து, ஆமாம், கேட்கும். 'செவியோர்க்குக' மலையாளத்தில் இன்றும் நாளும் புழங்குகிற சொல். தமிழில் 'ஓர்த்தல்' என்பதற்கு ஆராய்தல், கூர்ந்து கேட்டல் இரண்டும் பழம்பொருள். மலையாளத்தில் 'ஓர்க்குக' என்றால் நினைத்தல். கேட்பதும் நினைப்பதும் ஒரே வேரில் கிடக்கின்றன.

ஆகவே உறுப்புக்குப் 'புறணியிறங்கு செவிப்பாதை', அது துணைநிற்கும் செயலுக்குச் 'செவியோர்ப்பு' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வகுப்பில் இப்படி எழுதலாம்: "ஒரு காது அடைபட்ட விலங்கு மறுபடி திசையறியக் கற்கப் புறணியிறங்கு செவிப்பாதை வேண்டும்." வீட்டில், டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது பிள்ளையிடம், "கொஞ்சம் செவியோர்த்துக் கேளு" என்றாலே போதும்.