தெரு வடிகாலிலிருந்து முகத்துவாரம் வரை: சென்னைக் கடற்கரையில் மாநகராட்சியின் வேலை

வடகிழக்குப் பருவத்தின் முதல் கனமழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், கூவம் முகத்துவாரத்தை ஒட்டிய மணலில் நடந்து பாருங்கள். தெர்மாகோல் துண்டு, எண்ணெய்ப் பாக்கெட், மாத்திரை அட்டை, ஒற்றைச் செருப்பு என்று அலை ஒதுக்கிய கோடு நீளமாகக் கிடக்கும். சுண்டல் வாங்கித் தின்ன வந்தவர்கள் மாத்திரை அட்டையை விட்டுப் போவதில்லை. அது அமைந்தகரையிலோ சேத்துப்பட்டிலோ ஏதோ ஒரு தெருவின் மழைநீர் வடிகாலில் விழுந்து, ஆற்றோடு வந்தது. கடற்கரையைப் பராமரிக்கும் வேலையில் பாதி அந்தத் தெருவில்தான் இருக்கிறது.

வடிகாலுக்கு முன்னால் ஒரு வண்டல் தொட்டி உண்டு. சாலை ஓரத்துக் கம்பி வலை வழியாக இறங்கும் தண்ணீர் முதலில் அதில் விழும். தொட்டியின் அடிமட்டம் வடிகாலின் அடிமட்டத்தைவிடத் தாழ்வாக இருப்பதால் மண் கீழே தங்கிவிடும், தண்ணீர் மட்டும் வழிந்து உள்ளே போகும். தொட்டி நிரம்பிவிட்டால் மண் நேரே வடிகாலுக்குள் இறங்கும். சென்னை தட்டையான ஊர். தண்ணீர் ஓடத் தேவையான வாட்டம், அதாவது தரைச் சரிவு, மிகக் குறைவு. அரை அடி வண்டல் சேர்ந்தாலே ஓட்டம் தளர்ந்துவிடும். இதனுடன் சமையலறைக் கழிவுநீர்க் குழாயையும் திருட்டுத்தனமாக இணைத்துவிட்டால் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கட்டியாகிவிடும். அதை மழைத் தண்ணீரால் தள்ள முடியாது; ஆள் வைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

தூர்வாரும்போது நடக்கும் தவறு இன்னொன்று. எடுத்த வண்டலை ‘ஈரம் வடியட்டும்’ என்று வடிகால் ஓரத்திலேயே குவித்து வைப்பார்கள். இரவில் ஒரு மழை அடித்தால் அத்தனையும் திரும்ப உள்ளே போய்விடும். உங்கள் தெருவில் அப்படி ஒரு குவியல் மறுநாளும் கிடந்தால் தயங்காமல் 1913-க்குப் புகார் கொடுங்கள். வார்டு எண், தெருப் பெயர், அருகிலுள்ள கதவு எண் மூன்றையும் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ‘எங்க ஏரியாவுல தண்ணி நிக்குது’ என்று மட்டும் சொன்ன புகாரை வைத்துக்கொண்டு களத்தில் எவராலும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

யாரிடம் சொல்வது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. சாலை ஓரம் சிமெண்ட் பலகை மூடிய கால்வாய் என்றால் மாநகராட்சி. சாலைக்கு நடுவே வட்ட மூடி திறந்து சாக்கடை பொங்கினால் அது குடிநீர் வாரியம், எண் 1916. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய், முகத்துவாரம், கடலரிப்புத் தடுப்புக் கற்கள் எல்லாம் நீர்வளத் துறை. மெரினா மணலைச் சுத்தம் செய்வது மீண்டும் மாநகராட்சி. ஒரே தண்ணீர் வழியில் மூன்று கைகள் மாறுகின்றன. புகார் தவறான கையில் போய்ச் சேர்ந்தால் அங்கேயே ‘எங்கள் வேலை அல்ல’ என்று முடிந்துவிடும்.

முகத்துவாரம் ஏன் மூடிக்கொள்கிறது? இந்தக் கரையில் மணல் தென்மேற்குப் பருவத்தில் வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் அந்த மணலை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. மெரினாவின் அகலத்தைப் பார்த்துப் பெருமைப்படும்போது வடசென்னை மீனவர் இழந்த மணலையும் நினைக்க வேண்டும். அதே மணல்தான் கூவத்தின் வாயையும் அடைக்கிறது. மழைக்கு முன் பொக்லைன் வைத்து வெட்டிவிட்டாலும், ஆற்றில் ஓட்டம் இல்லாவிட்டால் அலை மீண்டும் மணலைக் கொண்டுவந்து போடும். வாய் திறந்திருந்தாலும் கடல் ஏற்றத்தின்போது ஆற்று மட்டம் உயர்ந்து வடிகால்கள் வடியாமல் நிற்கும். கடல் வற்றத் தொடங்கினால் இறங்கும். அந்தச் சில மணி நேரத்தில் ஆத்திரப்பட்டு வடிகால் பலகையை உடைத்துத் திறந்துவைப்பது ஆபத்து. தேங்கிய தண்ணீரில் அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, குழந்தைகள் விழுந்துவிடுவார்கள்.

கடற்கரையில் டிராக்டர் இழுக்கும் சல்லடை இயந்திரம் மேல்மணலை அள்ளிச் சலிக்கும். ஈர மணலில் சல்லடை அடைத்துக்கொள்ளும். சல்லடை ஓட்டையைவிடச் சிறிய சிகரெட் துண்டு, பாட்டில் மூடி எல்லாம் தப்பி விழும். அவற்றைக் குனிந்து கையால்தான் பொறுக்க வேண்டும். கடற்கரையில் படரும் அடும்பங்கொடியைக் களை என்று பிடுங்குவது பெரும் பிழை. நெய்தல் பாடல்களில் வரும் அந்த ஊதாப்பூக் கொடிதான் மணலைப் பிடித்து நிறுத்துகிறது. பிடுங்கினால் காற்றுக்கு மணல் பறந்து சாலையில் குவியும், அங்கிருந்து வடிகாலுக்குள் போகும்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்தில் நூறு முட்டைகளுக்கு மேல்கூட இடும். அந்த மாதங்களில் அலைக் கோட்டுக்கு மேலுள்ள மணலில் கனமான வண்டி ஓட்டக் கூடாது. கரையில் ஆமையைப் பார்த்தால் டார்ச் அடிக்காதீர்கள், எதிரே போய் நிற்காதீர்கள். குழியைத் தோண்டாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பிறகு குஞ்சு பொரிக்கும் நாட்களில், கடல் பக்கம் பார்த்த மொட்டைமாடி விளக்கை இரவில் அணைத்துவிடுங்கள். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பிச் சாலைப் பக்கம் ஊர்ந்து வந்துவிடும்.