பலாவைத் தட்டினால் சுருதி, பெயரைச் சொன்னால் தாளம்

கோடை பிறந்துவிட்டால் கும்பகோணம், மாயவரம் கடைவீதிகளில் பண்ருட்டிப் பலா வந்து இறங்கிவிடும். வியாபாரி ஒரு பழத்தை விரலால் தட்டிவிட்டு, "இதை நாளைக்கே வெட்டலாம், அது இன்னும் மூணு நாள் போகணும்" என்பார். கத்தி படாமலே உள்ளே நடப்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. இதைவிட நல்ல காதுப் பயிற்சி வேறு இல்லை. பிள்ளைகளைப் பாட்டு வகுப்பில் சேர்க்குமுன் வீட்டிலேயே இதைத் தொடங்கலாம். பள்ளி விடுமுறையும் பழக் காலமும் ஒன்றாக வருவது நமக்கு வசதி.

எந்தப் பொருளைத் தட்டினாலும் அது தனக்கென்று உள்ள வேகத்தில் அதிரும். அந்த வேகம் முக்கியமாக இரண்டைப் பொறுத்தது: விறைப்பு, எடை. விறைப்பு கூடினால் சுருதி ஏறும், எடை கூடினால் இறங்கும். காய் பழுக்கும்போது செல் சுவர்களை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டினை நொதிகள் சிதைக்கின்றன. எடை பெரிதாக மாறாது, விறைப்பு மட்டும் தளரும். அதனால்தான் காய்ப் பலா 'டக்'கென்று கெட்டியாகக் கேட்கிறது, பழுத்தது 'தொம்'மென்று தணிகிறது. குழைந்த சதை அதிர்வை விழுங்கிவிடுவதால் ஒலியும் நீளாமல் அமுங்கிவிடும்.

வீட்டு மூலையில் சாக்குப் போட்டு வைத்திருக்கும் பலாவைக் குழந்தை தினமும் காலையில் ஒருமுறை தட்டட்டும். முதல் நாள் ஒலியைச் செல்போனில் பதிவு செய்துவிடுங்கள். அடுத்தடுத்த நாட்களில் "நேத்து மாதிரியே இருக்கா, இறங்கியிருக்கா?" என்று மட்டும் கேட்டால் போதும். தட்டும் இடமும் விரலும் மாறக் கூடாது. பெரிய பழத்தையும் சின்னப் பழத்தையும் ஒப்பிடவும் கூடாது, ஏனென்றால் ஒரே பக்குவத்தில் இருந்தாலும் பெரியது கீழ்ச் சுருதியில்தான் ஒலிக்கும். சுருதி ஏறுவது, இறங்குவது என்பதைப் பாட்டு வாத்தியார் கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டுவார். பழத்தில் அதற்குக் காரணமும் சேர்ந்து தெரிகிறது, சரியாகக் கேட்டவருக்குச் சுளையும் கிடைக்கிறது.

பலா மரத்தை நம் ஊர் இசை வேறு வகையிலும் விடவில்லை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணைக்குக் குடம் பலா மரத்தில்தான் குடைகிறார்கள். தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் பெரும்பாலும் பலாக் கட்டைதான். கோயில் கச்சேரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் கொஞ்சம் முன்னதாகவே போய் உட்காருங்கள். மிருதங்கக்காரர் இடது பக்கத் தோலின் நடுவில் ஈர ரவையை அப்புவார். தோலுக்கு எடை கூடியதும் ஒலி தணியும். பலாவில் விறைப்பு செய்த வேலையை இங்கே எடை செய்கிறது.

வலது பக்கத்துக் கறுப்புச் சாந்தின் கதை இன்னும் நுட்பமானது. வெறும் வட்டத் தோலைத் தட்டினால் எழும் மேல் அதிர்வுகள் அடிப்படை அதிர்வைப்போல் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒட்டாமல் இருக்கும். காதுக்கு அது ஸ்வரமாகப் படாது, வெறும் சத்தம்தான். நடுவில் சாந்தை அடுக்கடுக்காக ஏற்றித் தேய்த்ததும் அதிர்வுகள் கிட்டத்தட்ட 1, 2, 3, 4, 5 என்ற முழு மடங்குகளுக்கு வந்துவிடுகின்றன. இதை அளந்து சொன்னவர் காவிரிக் கரையில் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன். 1920-இல் ஒன்று, 1934-இல் விரிவாக இன்னொன்று என்று அவர் கட்டுரைகள் எழுதினார்.

தாளத்துக்கு வருவோம். சொல்லிக்கொடுப்பவர்கள் 'தகிட', 'தகதிமி', 'தகதகிட' என்று தொடங்குகிறார்கள். நல்ல முறைதான், ஆனால் நாலு வயதுக் குழந்தைக்கு அவை முகம் தெரியாத ஓசைகள். பழத்தின் பெயர் ஏற்கெனவே நாக்கில் இருக்கிறது. மாம்-ப-ழம் மூன்று, அது திஸ்ரம். ப-லாப்-ப-ழம் நான்கு, சதுஸ்ரம். மா-து-ளம்-ப-ழம் ஐந்து, கண்டம். மாம்பழத்தையும் பலாப்பழத்தையும் சேர்த்தால் ஏழு, மிஸ்ரம். பலாப்பழத்தோடு மாதுளம்பழம் சேர்ந்தால் ஒன்பது, சங்கீர்ணம். தாளத்தின் ஐந்து ஜாதியும் ஒரு பழக்கடையில் முடிந்துவிட்டது!

ஒரு சிக்கல் உடனே வரும். பேச்சில் நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று. குழந்தை இயல்பாக 'மாஆம்பழம்' என்று இழுக்கும், மூன்று நான்காகிவிடும். வாயைத் திருத்தப் போகாதீர்கள், கையைத் திருத்துங்கள். முதல் துண்டுக்குத் தொடையில் ஒரு தட்டு, மற்றவற்றுக்கு விரல் எண்ணிக்கை. கை ஒரே சீராக விழ ஆரம்பித்தால் வாய் தானாக அதன் பின்னால் வரும்.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. 2005-இல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், அழுத்தமே இல்லாத ஒரு தாளத்தை ஏழு மாதக் குழந்தைகளுக்குக் கேட்கவைத்தார்கள். சில குழந்தைகளை இரண்டுக்கு ஒருமுறையும் சிலரை மூன்றுக்கு ஒருமுறையும் தூக்கி ஆட்டினார்கள். பிறகு எந்தக் குழந்தை எப்படி ஆட்டப்பட்டதோ அந்த அழுத்தம் உள்ள தாளத்தையே அது அதிக நேரம் கேட்டது. வேறொருவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த குழந்தைகளிடம் அந்த விருப்பம் வரவில்லை. கச்சேரி வீடியோவைப் போட்டுக் குழந்தையை எதிரே உட்காரவைப்பதைவிட, தாளம் சொல்லிக்கொடுப்பது மடியில் வைத்து ஆட்டும் அப்பாயிக்கே நன்றாக வருகிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

பிள்ளைகள் இருவர் இருந்தால் ஒருவர் மாம்பழம், மற்றவர் பலாப்பழம் என்று ஒரே வேகத்தில் சேர்ந்து சொல்லட்டும். மாம்பழம் நான்கு முறை, பலாப்பழம் மூன்று முறை, பன்னிரண்டில் இரண்டும் முடிந்து பதின்மூன்றாவது தட்டில் இருவரும் ஒன்றாகத் தொடையைத் தட்டுவார்கள். மீச்சிறு பொது மடங்கு என்று பிற்பாடு பள்ளியில் வருவதும், மிருதங்கக்காரர்கள் 'கணக்கு' என்பதற்கு அடிப்படையும் இதுதான். முதலில் தடுமாறுகிறவர் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர் வாயைப் பார்க்கிறவர். முதுகோடு முதுகு சாய்த்து உட்காரவைத்தால் சரியாகிவிடும்.

சுருதியையும் பார்த்து வையுங்கள். குழந்தையின் குரல்நாண்கள் குட்டையானவை, குரல் உயரமாகத்தான் நிற்கும். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள், எண் கூடினால் உயரம் கூடும். அப்பாவின் ஒரு கட்டைக்கு அதை இழுத்தால் முனகல்தான் மிஞ்சும். ஐந்து, ஐந்தரைக் கட்டையில் முயன்று பார்க்கலாம்.

வேகத்தில்தான் பெரியவர்கள் பலரும் தவறுகிறார்கள். மெதுவாகச் சொன்னால் சுலபம் என்று நினைத்து முதல் காலத்தை இழுத்துப் பிடிக்கிறார்கள். உங்கள் போக்கில் தட்டுங்கள் என்று விட்டால் பெரியவர்கள் சுமார் 0.6 நொடிக்கு ஒன்று தட்டுவார்கள், நாலைந்து வயதுப் பிள்ளைகள் சுமார் 0.4 நொடிக்கு ஒன்று. இரண்டு தட்டுக்கு நடுவே உள்ள நீண்ட வெறுமையை மனத்துக்குள் அளந்து வைத்திருப்பது சின்ன மூளைக்குக் கஷ்டம். அதனால் மாம்பழக் காலத்தில் துள்ளலாகவே தொடங்குங்கள். ஆடியில் நாவற்பழம் வரும்போது நா-வற்-ப-ழம் என்ற நான்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாக்கிப் பாருங்கள். விளம்பத்துக்கு, அதாவது மெதுவான காலத்துக்கு, அவசரமே வேண்டாம்.