எருக்கஞ்செடிப் புழுவுக்கு எத்தனை கொம்பு?

புதுச்சேரியை அடுத்த வில்லியனூர்ப் பக்கம் சாலையோர எருக்கஞ்செடியில், வெள்ளையும் கருப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட புழு ஒன்று கண்ணில் பட்டால் கைப்பேசியை எடுக்காமல் கடந்துபோகிறவர்கள் குறைவு. அந்தப் படத்தை வைத்து இணையத்தில் தேடினால் சில நேரம் "மொனார்க்" என்று விடை வரும். மொனார்க் அமெரிக்கக் கண்டங்களின் பட்டாம்பூச்சி. மெக்சிகோ மலைக்காடுகளுக்குக் கூட்டங்கூட்டமாக வலசை போய் உலகப் புகழ் பெற்றுவிட்டதால் அதன் படங்கள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. நம்மூர் எருக்கில் மேய்ந்துகொண்டிருப்பது அதன் நெருங்கிய உறவான வெந்தய வரியன்.

இரண்டையும் பிரிக்க நிறம் பெரிதாக உதவாது. கொம்பை எண்ண வேண்டும். மொனார்க் புழுவின் முதுகில் முன்னால் ஒரு சோடி, பின்னால் ஒரு சோடி என மெல்லிய கருப்புக் கொம்புகள் நீண்டிருக்கும். வெந்தய வரியனுக்கு நடுமுதுகிலும் ஒரு சோடி உண்டு. ஆக மூன்று சோடி. வீட்டு வாசல் அரளியில் இருக்கும் வெண்புள்ளிக் கருப்பனின் புழுவுக்கு நான்கு சோடி. இரண்டு சோடி மட்டும் தெரிந்தால் உடனே மொனார்க் என்று துள்ள வேண்டாம். நம் பகுதியின் நீல வரியன் புழுவுக்கும் இரண்டு சோடிதான். புழுவை நேர் மேலிருந்து மட்டும் படமெடுத்தால் இலை நரம்போடு கொம்பும் கலந்துவிடும். பக்கவாட்டில் ஒரு படம் இருந்தால் எண்ணிவிடலாம்.

படத்திலிருந்து பூச்சியை அடையாளம் காணும் வேலை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஒட்டுமொத்தத் தோற்றம் நான்கைந்து பெயர்களுக்கு இட்டுச் செல்லும். அவற்றில் எது என்பதை ஒரு சின்ன அடையாளம் தீர்த்துவைக்கும். சிக்கல் என்னவென்றால், அந்த அடையாளம் நாம் எடுத்த அழகான படத்தில் பெரும்பாலும் இருக்காது.

நிறத்தை ஏன் நம்பக்கூடாது? பட்டாம்பூச்சியின் சிறகு தன்னளவில் கிட்டத்தட்ட நிறமற்ற சவ்வு. அதன்மேல் ஓடு வேய்ந்ததுபோல் வரிசை வரிசையாகச் செதில்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர். பல நிறங்கள் செதிலில் உள்ள நிறமிகளால் வருகின்றன. மின்னும் நீலமும் ஊதாவும் பெரும்பாலும் செதிலின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி சிதறுவதால் தோன்றுபவை. இரண்டாம் வகை நிறம் பார்க்கும் கோணத்துக்கேற்ப வரும், மறையும். செதில்கள் நாள்பட உதிரவும் செய்கின்றன. வயதான பூச்சி வெளிறிப்போகும். மாலை வெயிலில் எடுத்த படத்தில் எல்லாமே மஞ்சள் ஏறித் தெரியும். போதாததற்குக் கைப்பேசி தன் பங்குக்கு நிறத்தைத் தூக்கிக் காட்டும். ஆனால் ஒரு புள்ளி சிறகின் எந்த நரம்புகளுக்கு இடையில் இருக்கிறது என்பதை வெயிலும் மாற்றாது, கைப்பேசியும் மாற்றாது.

வெந்தய வரியன் வளர்ந்து சிறகு முளைத்த பிறகும் இதே கதை தொடர்கிறது. எருக்கு இனச் செடிகளின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்திருப்பதால் பறவைகள் அதைத் தொடத் தயங்கும். இந்த நற்பெயரை டனாய்ட் எக்ஃபிளை என்ற இன்னொரு பட்டாம்பூச்சியின் பெண் களவாடிக்கொள்கிறது. ஆண் எக்ஃபிளை கருப்புச் சிறகில் வெள்ளை வட்டங்களும் அவற்றைச் சுற்றி ஊதா மினுக்கமுமாக முற்றிலும் வேறு தோற்றம் கொண்டது. பெண்ணோ வெந்தய வரியனின் அச்சு: அதே செம்மஞ்சள், கருப்பு முனை, வெள்ளைப் பட்டை. பின்சிறகைப் பாருங்கள். வெந்தய வரியனில் பெண்ணுக்கு அதன் நடுப்பகுதியில் மூன்று கரும்புள்ளிகள் இருக்கும், ஆணுக்கு நான்கு. எக்ஃபிளைப் பெண்ணுக்கு முன்விளிம்பை ஒட்டி ஒன்றே ஒன்று. அதன் புழு எருக்கின் பக்கம் போவதில்லை; பருப்புக்கீரையில் இருக்கும்.

வேடம் போடுவதில் இதையும் மிஞ்சியது கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சி. இதன் பெண்ணுக்கு நம் பகுதியில் மூன்று தோற்றங்கள் உண்டு. ஒன்று தன் ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று ரோஜா அழகியைப் போல, மற்றொன்று சிவப்புடல் அழகியைப் போல. ஒரே தாயின் முட்டைகளிலிருந்தே வெவ்வேறு உருவப் பெண்கள் வரக்கூடும். இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் 1865இல் விளக்கி எழுதிய இந்தப் புதிருக்கு, 2014இல் உயிரியலாளர் கிருஷ்ணமேக் குண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் விடை கண்டார்கள். பூச்சிகளில் ஆண், பெண் வேறுபாட்டை நிர்ணயிக்கும் டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணுவே இந்த வேடத்தையும் கட்டுப்படுத்துகிறது. அடையாளம் காண்பவருக்கு மரபணுச் சோதனை தேவையில்லை. உடம்பைப் பார்த்தால் போதும். நஞ்சுள்ள அசல் அழகிகளுக்குத் தலையிலும் வயிற்றிலும் சிவப்பு இருக்கும். போலிக்கு உடல் கருப்பு. சிறகை விரித்த படத்தையே எல்லோரும் விரும்புகிறார்கள். எனக்கோ உடம்பு பக்கவாட்டில் தெரியும் மங்கலான படம் அதைவிட மேல்.

பருவகாலமும் ஏமாற்றும். வயல்வரப்பில் மாலை மங்கும் நேரத்தில் பறக்கும் ஈவினிங் பிரவுன் பட்டாம்பூச்சிக்கு, மழைக்காலத்தில் சிறகின் அடிப்பக்கம் பெரிய கண்புள்ளிகள் இருக்கும். வறண்ட மாதங்களில் அந்தப் புள்ளிகள் சுருங்கி மறைந்து, பூச்சி ஒரு காய்ந்த இலையாகிவிடும். புழுவாக இருந்தபோது நிலவிய வெப்பநிலை இதில் பெரும்பங்கு வகிக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்வதற்குள் எடுத்த படத்தையும் சித்திரை வெயிலில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே இனம் என்று நம்புவது கடினம். எனவே தேதி இல்லாத படம் அரைப்படம்.

புல்தரையில் தத்தித்தத்திப் பறக்கும் சிறு நீலப் பட்டாம்பூச்சிகளுக்கு மேல்பக்க நீலம் ஏறக்குறைய பயனற்றது. மூடிய சிறகின் அடிப்பக்கம்தான் பேசும். முன்சிறகின் உள்ளறையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் ஒரு கூட்டம், இல்லாவிட்டால் வேறொன்று. கடுகளவுகூட இல்லாத அந்தப் புள்ளி தெளிவாக விழ வேண்டுமானால் கைப்பேசி சிறகின் தளத்துக்கு இணையாக இருக்க வேண்டும். மிக அருகில் எடுக்கும்போது கூர்மையாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். சற்றே சாய்ந்தாலும் சிறகின் ஒரு பாதி கரைந்துவிடும். முகத்தருகே கைப்பேசியைக் கொண்டுபோய்ப் பூச்சியைக் கலைப்பதைவிட, ஓரடி தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது நல்லது.

புழுக்களுக்கு வருவோம். முதலில் அது புழுதானா என்று பார்க்க வேண்டும். பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு மார்புப் பகுதியில் மூன்று சோடி உண்மைக் கால்கள். அவற்றுக்குப் பின்னால் வயிற்றுப் பகுதியில் சதைப்பிடிப்பான போலிக்கால்கள் அதிகபட்சம் ஐந்து சோடி. அதற்கு மேல் இருந்தால் அது ரம்ப ஈயின் இளம்பருவம். அந்த ஈ குளவி, எறும்புகளின் உறவு. கடுகு, முள்ளங்கி இலைகளில் கரும்புழுவாகத் தெரிவது பெரும்பாலும் இதுதான். போலிக்கால்கள் குறைந்தால் நடை மாறும். ஆமணக்கில் வரும் காவடிப்புழுவுக்கு முன்பக்கப் போலிக்கால்கள் சிறுத்திருப்பதால் முதுகை வளைத்து வளைத்து நகர்கிறது. பின்னால் ஒற்றைக் கொம்பு நீட்டிக்கொண்டிருந்தால் அந்துப்பூச்சிகளில் ஹாக் மாத் குடும்பம். நந்தியாவட்டையிலோ அரளியிலோ தலைக்குப் பின்னால் நீலமும் வெள்ளையுமான இரண்டு கண்புள்ளிகளோடு பச்சைப்புழு இருந்தால் அரளி ஹாக் மாத் என்று துணிந்து சொல்லலாம். கூட்டுப்புழுவாகும் முன் அது பழுப்பாகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

புழு வளர வளர வேறு பிராணி போலவே ஆவது பெரிய தொல்லை. எலுமிச்சை அழகியின் புழு முதல் நான்கு பருவங்களில் பறவை எச்சத்தைப் போல இருக்கும். ஐந்தாவதில் தோலுரித்தால் பளபளக்கும் பச்சை. கறிவேப்பிலைச் செடியில் கறிவேப்பிலை அழகியும் இதே நாடகத்தை நடத்துகிறது. எச்சம் போன்ற பருவத்தில் எடுத்த ஒற்றைப் படத்தை வைத்து இரண்டில் எது என்று அடித்துச் சொல்பவரை நான் கொஞ்சம் சந்தேகத்துடனே பார்ப்பேன்.

ஆனாலும் செடியின் பெயர் தெரிந்தால் பாதிப் பெயர் தெரிந்த மாதிரி. பெரும்பாலான பட்டாம்பூச்சிப் புழுக்கள் குறிப்பிட்ட சில தாவரங்களையே தின்கின்றன. ரோஜா அழகிக்கும் சிவப்புடல் அழகிக்கும் ஈசுவரமூலி இனக் கொடிகள். கடலோரப் புதர்க்காட்டின் சால்மன் அராப் பட்டாம்பூச்சிக்கு உகாவும் சங்கஞ்செடியும். எனவே புழுவை மட்டும் நெருங்கி எடுத்துவிட்டுத் திரும்பாமல் இலை, பூ, காய் தெரிய இன்னொரு படம் எடுக்க வேண்டும். தரையிலோ சுவரிலோ ஊர்ந்துகொண்டிருக்கும் புழுவுக்கு இந்தத் துப்பு கிடைக்காது. அது கூட்டுப்புழுவாக இடம் தேடிச் செடியை விட்டு இறங்கியதாக இருக்கலாம்.

விவசாயிக்கு இதெல்லாம் பொழுதுபோக்கு அல்ல. 2018இல் கர்நாடகத்தில் முதன்முதலில் பதிவான அமெரிக்கப் படைப்புழு விரைவிலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்திலும் புகுந்தது. வேப்பூர், திட்டக்குடிப் பக்கத்துக் கொல்லைகளில் இலைக்குருத்துக்குள் புழு தென்பட்டால் இரண்டு இடங்களைப் படமெடுத்தால் போதும். தலையில் தலைகீழ் ஒய் வடிவக் கோடு. வால்பக்கம் கடைசிக்குச் சற்று முந்திய உடல் வளையத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். மல்லாட்டை (வேர்க்கடலை)க் கொல்லையில் மழைக்குப் பின் விளக்கடியில் வந்து விழும் வெள்ளை அந்துப்பூச்சியின் முன்சிறகில் விளிம்போரம் மஞ்சள் கோடு இருந்தால், அடுத்து வரவிருப்பது சிவப்புக் கம்பளிப்புழு. புழு வருமுன்பே பெயர் தெரிந்துவிடுவது இங்கேதான் காசாகிறது.

இப்போது இந்த வேலையைக் கைப்பேசிச் செயலிகள் செய்கின்றன. ஐநேச்சுரலிஸ்ட் போன்றவை 2017 முதலே படத்தைப் பார்த்துப் பெயர் சொல்கின்றன. கணினிக்குப் படம் என்பது எண்கள் நிரம்பிய கட்டம். முதலில் விளிம்புகளையும் நிறமாற்றங்களையும் பிரித்தெடுக்கும். அவற்றைச் சேர்த்துப் பட்டை, புள்ளி, சிறகின் வளைவு ஆகிய உருக்களைப் பிடிக்கும். முடிவில், தான் பயின்ற ஒவ்வோர் இனத்துக்கும் இவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பெண் போடும். கொம்புகளை அது நம்மைப் போல எண்ணுவதில்லை. இலையின் பச்சையும் அதற்கு ஒரு சான்றாகிவிடலாம். பயிற்சியில் இல்லாத இனத்தைக் காட்டினாலும், பயின்ற பெயர்களுக்குள்ளேயே மதிப்பெண்ணைப் பங்கிட்டாக வேண்டும். ஆகவே தவறான பெயர்கூட அதிக மதிப்பெண்ணோடு வரக்கூடும். புகழ்பெற்ற இனங்களுக்குப் படம் நிறைய, நம்மூர் அந்துப்பூச்சிகளின் இளம்புழுக்களுக்கு மிகக் குறைவு. மொனார்க் குழப்பம் பிறப்பது இங்கேதான்.

இடத்தையும் கணக்கில் எடுக்கும் செயலிகள் தேவலை. 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளின் பூச்சி. கடலூர் முதுநகரில் எடுத்த படத்துக்கு அந்தப் பெயர் வந்தால், மகிழ்வதற்கு முன் சிறகுப் புள்ளிகளை மறுபடி பார்க்க வேண்டும். செயலி தரும் முதல் பெயரை விட, அது வரிசைப்படுத்தும் நான்கைந்து பெயர்களே எனக்குப் பயன்படுகின்றன. எந்தப் புள்ளியை எண்ண வேண்டும் என்பதை அவை சொல்லிவிடும்.

எல்லாப் படத்துக்கும் பெயர் கிடைத்துவிடாது. இந்தியாவில் பட்டாம்பூச்சிகள் சுமார் 1,300க்கு மேல். அந்துப்பூச்சிகளோ 10,000க்கும் அதிகம். உணர்கொம்பின் நுனி குமிழாக இருந்தால் பட்டாம்பூச்சி, இழையாகவோ இறகாகவோ இருந்தால் அந்துப்பூச்சி என்ற பள்ளிப்பாடம் பெரும்பாலும் சரிதான். அதற்கு மேல் போனால் பழுப்பு அந்துப்பூச்சிகளும், ஸ்கிப்பர் குடும்பத்துச் சிறு பழுப்புப் பட்டாம்பூச்சிகளும் நிபுணரையே திணறடிக்கும். அவற்றில் பலவற்றை, இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிக்க முடியும். அப்போது பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே சரியான விடை.

புழு விஷயத்தில் மட்டும் ஒரு வழி பாக்கி இருக்கிறது: வளர்த்துப் பார்ப்பது. காற்றுப் புகும் பெட்டி, அதே செடியின் புது இலை, தினமும் ஒரு படம். ரோமமுள்ளவற்றைக் கையால் தொடக்கூடாது, அரிப்பெடுத்துவிடும். பட்டாம்பூச்சிக்குப் பதிலாக, புழுவின் உடம்பைத் துளைத்துக்கொண்டு சிறு புழுக்கள் வெளியேறி அதன் மேலேயே வெண்ணிறக் கூடுகள் கட்டுவதும் உண்டு. பலர் அவற்றை முட்டை என்று நினைக்கிறார்கள். அவை ஒட்டுண்ணிக் குளவிகளின் கூடுகள். அப்படி நேர்ந்தால் பெட்டியை மூடியே வைத்துக் குளவிகள் வெளிவந்ததும் அவற்றையும் படமெடுத்து, புழு இருந்த செடியின் பெயரோடு சேர்த்து வையுங்கள். எந்தக் குளவி எந்தப் புழுவைத் தாக்குகிறது என்ற பதிவு அதிகம் கிடைப்பதில்லை.